கவைக்கோட்டு இரலையும் வில்வேட்டமும்

தமிழிலே மான் என்னும் சொல்லின் பரப்புப் பெரிது. புள்ளிமானும் மான், மரையும் மான், குதிரையையும் மான் என்று சொல்வது பழைய செய்யுள் வழக்கு. நுணுகி அறிய விரும்புவோர் தொல்காப்பிய மரபியலைத் திறத்தல் வேண்டும். அங்கே புல்வாய் என்றொரு விலங்கு தனியே வைத்து எண்ணப்படுகிறது. அதன் ஆணுக்கு இரலை, கலை என்பன பெயர். பெண்ணுக்குப் பிணை என்பது பெயர். முறுக்குண்ட கொம்புடைய அந்த இரலை நம் இலங்கையில் இல்லை. கடலுக்கு அப்பால், வேதாரணியத்தை அடுத்த கோடிக்கரையில் உண்டு. அதன் பொருட்டே அவ்விடம் 1967ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்டது.

மானுக்கும் இரலைக்கும் உள்ள வேற்றுமை கொம்பிலே விளங்கும். மானின் கொம்பு கிளைவிடும். ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். இரலையின் கொம்பு கிளைப்பதுமில்லை, உதிர்வதுமில்லை. உள்ளிருக்கும் என்பின்மேல் உறைபோற் பொருந்தி உயிருள்ளளவும் நிற்கும். இவ்விரு கட்சிக்கும் நடுவே மத்தியஸ்தம் பேச வந்ததுபோல வட அமெரிக்கப் புல்வெளியில் ஒரு விலங்கு வாழ்கின்றது. அதன் கொம்பும் என்பின்மேற் பொருந்திய உறையே, ஆயினும் கவைவிடும், உறை ஆண்டுதோறும் கழன்று விழும். அந்நாட்டார் அதனை இரலை என்றே வழங்குகின்றனர். விலங்குநூலாரோ, அது இரலையுமன்று, மானுமன்று, தன் குடும்பத்தில் எஞ்சிய ஒரே இனம் என்பர். கவைக்கோட்டு இரலை என்று நான் பெயரிட்டுக்கொண்டேன்.

பெயரிட நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் தமிழ் படித்துப் பின் புலம்பெயர்ந்து, கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் வாழும் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அயலிலுள்ள வயோமிங் மாநிலத்துக்கு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வில்வேட்டைக்குப் போகத் திட்டமிடுகின்றனவாம். கூலிக்கு வழிகாட்டி இல்லை. எல்லாம் தம் கையாலேயே. பன்னிரண்டு வயது மகளும் வருகிறாள். பழந்தமிழர் இரலையை எவ்வாறு வேட்டையாடினர் என்று அவர் கேட்கிறார். நானோ புலால் மறுத்த சைவன். ஆயினும், கண்ணப்ப நாயனார் குருபூசையிலே வேட்டைக் கதையை விரித்துச் சொல்லும் வாய், இங்கே மட்டும் எவ்வாறு மூடிக்கொள்ளும்? அவர்களுடைய ஆயத்தங்களைக் கேட்டறிந்தேன். சிலவற்றை நூல்களிற் படித்தேன். நம்மவர் அறியத்தக்க செய்திகள் பல அவற்றில் உள.

அங்கே விலங்கு நிலத்துக்கு உரியவனுடைய சொத்தன்று. மக்கள் அனைவர்க்கும் பொதுவாக அரசு காப்பது. நினைத்தவன் நினைத்த நாளில் வில்லெடுத்துப் புறப்பட முடியாது. வேட்டை நிலம் வட்டாரங்களாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் இத்தனை அனுமதி என்று ஆண்டுதோறும் வரையறுக்கப்படுகிறது. அயல் மாநிலத்தார் ஜூன் மாதத்து முதல் நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பின்னர்க் குலுக்கல். உத்தரமேரூர்க் கல்வெட்டிற் காணும் குடவோலை நினைவுக்கு வரும். ஆயின் இங்கே ஒரு நயம் உண்டு. கிடைக்காமற் போனவன் கட்டணம் செலுத்தி ஒரு புள்ளி பெறலாம். புள்ளி மிகுந்தவனுக்கு மறுமுறை முந்துரிமை. நண்பர் ஒரே குழுவாக விண்ணப்பித்தால் அவர்கள் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி காண்பர். கிடைத்தால் எல்லார்க்கும் கிடைக்கும். தவறினால் எல்லார்க்கும் தவறும். சுற்றம் என்பதன் பொருளை அந்த அலுவலகம் நன்றாக உணர்ந்திருக்கின்றது.

அனுமதியின் தொகை இரலையின் தொகையைப் பொறுத்தது. 2022 - 2023 பனிக்காலத்தில் வயோமிங்கிலே இரலைகள் பெருந்தொகையாக மடிந்தன; அடுத்த பருவத்தில் ஆயிரக்கணக்கான அனுமதிகள் குறைக்கப்பட்டன. வெள்ளையர் வருமுன் பல கோடியாக மேய்ந்தவை என்று கணிக்கப்படும் இந்த இனம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில பதினாயிரமாகச் சுருங்கியது. துப்பாக்கியும் வேலியும் செய்த வேலை அது. அதனை மீட்டெடுத்த பணத்தின் பெரும்பகுதி வேட்டைக்காரரிடமிருந்தே வந்தது. வேட்டைக் கருவிகள்மேல் விதித்த வரியை வனவிலங்குக் காப்புக்கே செலவிட வேண்டும் என்ற சட்டம் அங்கே 1937இல் ஆயிற்று. நம் நாட்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதே 1937ஆம் ஆண்டிற்குரியது. ஒரே ஆண்டு, இரண்டு வழிகள்.

இனி நிலம். யாழ்ப்பாணத்து வாசகர் இப்பகுதியைச் சுவைத்துப் படிப்பர் என்பது என் துணிபு. எல்லைக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டான் என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஊர் அல்லவா நம்முடையது!

1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இருப்புப்பாதை போட்ட கம்பனிக்குப் பாதையின் இருமருங்கும் நிலம் மானியமாக வழங்கப்பட்டது. சேர்ந்தாற்போல் வழங்கவில்லை. ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், கம்பனிக்கு. அடுத்த சதுர மைல் அரசுக்கு. இவ்வாறு சதுரங்கப் பலகையிலே கறுப்பும் வெள்ளையும் மாறி வருவதுபோல. வயோமிங்கின் தென்பகுதி இன்றும் அக்கோலத்திலேயே கிடக்கின்றது. அரசுக் கட்டம் யாவர்க்கும் பொது. ஆயின் அதனைச் சூழ்ந்த நான்கு பக்கமும் தனியார் கட்டம், ஒழுங்கை இல்லை. ஒரு பொதுக் கட்டமும் மற்றொரு பொதுக் கட்டமும் மூலையில் மட்டுமே தொடும். அம்மூலையை ஒருவன் தாண்டினால், அவன் கால் தனியார் மண்ணில் படாவிடினும், தோள் தனியார் வானிற் படுமே! அது அத்துமீறலா?

2021இல் மிசூரி மாநிலத்து வேட்டைக்காரர் நால்வர் ஏணியொன்றைச் சுமந்துவந்து, மூலையின் இப்புறம் ஏறி அப்புறம் இறங்கினர். நிலக்காரர் வழக்கிட்டார், தம் நிலத்தின் மதிப்பு இத்தனை இலட்சம் டொலர் குறைந்தது என்றும் வாதாடினார். 2022இல் யூரிமார் நால்வரையும் குற்றமற்றவர் என்றனர். 2023இல் கூட்டாட்சி நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்த்தது. 2025 மார்ச்சில் டென்வரிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. பொது நிலத்தை வேலியிட்டு மறிக்கலாகாது என்ற 1885ஆம் ஆண்டுப் பழஞ்சட்டமே அதற்கு ஆதாரமாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேலும் விசாரிக்க மறுத்துவிட்டது. ஓர் ஏணி திறந்துவிட்ட நிலம் எத்தனை ஆயிரம் ஏக்கர்! ஆயினும் அத்தீர்ப்பு அந்த நீதிமன்றத்தின் ஆட்சிக்குட்பட்ட வயோமிங், கொலராடோ முதலிய ஆறு மாநிலங்களுக்கே உரியது. ஆதலின் திட்டமிடுவோர் முதலில் விரிப்பது நில வரைபடத்தையே. கைத்தொலைபேசியில் இப்போது அது வந்துவிட்டது. மஞ்சள் நிறம் பொது நிலம் என்பதை மாணவரின் மகள் எனக்குத் தொலைபேசியிற் கற்பித்தாள்.

இரலைக்கும் வேலி பகைதான். மணிக்கு ஏறக்குறைய 55 மைல் ஓடவல்ல அவ்விலங்கு வேலியைத் தாண்டுவது அரிது. அடிக்கம்பியின் கீழ் நுழைந்தே செல்லும். ஓநாயும் எட்டிப் பிடிக்கமுடியாத இவ்வேகம் எதற்கு என்று கேட்ட ஆராய்ச்சியாளர் சிலர், பல்லாயிரம் ஆண்டுக்கு முன் அழிந்துபோன சிறுத்தை போன்றதொரு பூனையினத்துக்கு அஞ்சி ஓடிய கால்கள் அவை என்று கருதுகின்றனர். பகைவன் மறைந்தும் ஓட்டம் மறையவில்லை.

இத்தகைய விலங்கை, மரமில்லாத வெளியிலே, வில்லெய்யும் தொலைவுக்குள் அணுகுவது எங்ஙனம்? அணுகுவதில்லை, அது அணுகும்வரை காத்திருப்பர். வில்லுக்குரிய பருவம் பெரும்பாலான வட்டாரங்களில் ஓகஸ்ட் 15இல் தொடங்கும். கடுங்கோடை. நீர்நிலைகள் சில. அவற்றின் கரையில் துணியாலான சிறு கொட்டிலொன்றைச் சில நாள் முன்னரே நாட்டிவிட்டால், இரலை அதற்குப் பழகிவிடும். விடியுமுன் உள்ளே நுழைந்தவர் பொழுதுபடும்வரை வெளியே வரலாகாது. உள்ளே இருள்; ஆதலின் கறுப்பு உடை. வெப்பமோ அடுப்பங்கரை.

இங்கேதான் மாணவருக்கு நான் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்காட்டினேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினருடைய வேட்டையைச் சொல்லுமிடத்து, மழை மறுத்த காலத்தில் நீருக்காகத் தோண்டிய குழிக்குள்ளே நள்ளிரவில் ஒளித்திருந்து, நீருண்ண வரும் பன்றியைப் பார்த்திருப்பர் என்கிறார். அக்குழியைச் சூழ்ந்த வழியெங்கும் மானின் அடிச்சுவடு. கொட்டில் வேறு, குழி வேறு. நீர்வேட்கையை அறிந்த அறிவு ஒன்றே. அவ்வேட்டம் வாய்க்காவிடின் பகலிலே நாயோடு சென்று முயலை வளைப்பர் என்பதையும் புலவர் விடாமற் சொல்கிறார். திட்டமென்பது இரண்டாம் வழியையும் உடையதன்றோ?

இரண்டாம் வழி செப்டெம்பர் நடுவில் வாய்க்கும். அது இணைவிழைச்சுக் காலம். ஆண் இரலை தன் பிணைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அயல் ஆணைக் கண்டால் சினந்து ஓடிவரும். வேட்டைக்காரர் ஆண் இரலையின் உருவமெழுதிய தட்டியொன்றைத் தூக்கிப் பிடிப்பர். இதற்குத் தமிழில் சொல் உண்டு. மானைப் பிடிப்பதற்கு எயினர் வளர்த்த மானுக்குப் பார்வை என்று பெயர். மேற்சொன்ன ஆற்றுப்படையிலேயே அது முற்றத்து விளாமரத்திற் கட்டப்பட்டு நிற்கிறது. தட்டி பிடிக்க ஒருவர், எய்ய ஒருவர் வேண்டும். குடும்பமாகச் செல்வோர்க்கு ஏற்ற முறை. ஆயின் துப்பாக்கிக்காரரும் உலவும் நாளில் இது உயிராபத்து. வில்லுக்கு மட்டும் விட்ட நாட்களிலேயே செய்யத்தகும்.

எனக்கு அகநானூற்று முல்லைப் பாட்டும் நினைவுக்கு வந்தது. நான்காம் பாட்டின் தலைவன், தேன் உண்ணும் வண்டுகள் வெருளுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு வருகிறான். அங்கேயும் இரலை துள்ளுகின்றது. இதனை மாணவருக்கு எழுதவில்லை. வேட்டைக்குப் புறப்படுபவனுக்கு அது ஏற்ற சீதனமன்று.

வில்லைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. இன்றைய வேட்டைக்காரர் பலர் ஏந்துவது உருளைகள் பூட்டிய வில். மிசூரியைச் சேர்ந்த ஹொலிஸ் வில்பர் அலன் என்பவர் 1969இல் அதற்கு உரிமம் பெற்றார். இழுக்கும்போது முதலிற் கனத்து, முழுவதும் இழுத்தபின் இலேசாகி நிற்கும். வல்வில் ஓரியின் அம்பு யானை முதலாக உடும்பு ஈறாக ஐந்தைத் துளைத்துச் சென்றது என்று வன்பரணர் பாடினார். இவர்களுக்கு ஒன்றைச் செவ்வையாகத் துளைத்தாற் போதும். ஆனால் அந்தச் செவ்வையில்தான் எல்லாம் இருக்கிறது.

குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு குருதி வடியச் செய்தே கொல்லும். நெஞ்சுக்கூட்டின் நடுவே இரு நுரையீரலையும் ஊடுருவினால் விலங்கு சில நொடியில் வீழும். ஒரு சாண் பின்னே பட்டால் பல மணிநேரம் துடிக்கும்; கண்டெடுக்கப்படாமலும் போகும். நொடிக்கு 280 அடி செல்லும் அம்புக்கு 25 யார் தூரம் கால் நொடி வேலை. 60 யார் என்றாலோ அரை நொடிக்கு மேலாகும். நாணொலி முந்திச் சென்றுவிடும். இரலை ஓரடி எடுத்துவைத்துவிடும். யானைக்குத் தவறிய வேலை வள்ளுவர் படைச்செருக்கிலே போற்றினார். அது போர்க்களத்துக்கு ஏற்கும். வேட்டைக்காரன் அதைத் துணைக்கு அழைத்துத் தொலைவான இலக்குக்கு நாணேற்றுவானாயின் அவன் செருக்கனே, வீரனல்லன். வேனில் முழுவதும் முற்றத்தில் எய்து பழகி, பத்து அம்பில் பத்தும் ஒரு தட்டத்துள் விழும் தூரம் எதுவோ அதுவே தன் எல்லை என்று வகுப்பதைத்தான் திட்டத்தின் தலையாய பகுதியாக நான் கொள்வேன்.

மகளின் காரியம் இங்கே வருகின்றது. வயோமிங்கிலே பன்னிரண்டு வயதில் அனுமதி பெறலாம். பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். ஆயின் இரலைக்கு எடுக்கும் வில் 40 இறாத்தல் இழுவைக்குக் குறையலாகாது என்பது விதி. அவள் இழுப்பது 30. தந்தை, இன்னும் இரண்டு மாதத்தில் இழுத்துவிடுவாள் என்கிறார். நான் வேண்டாம் என்று எழுதினேன். தட்டியை அவள் பிடிக்கட்டும். தூரத்தை அவள் அளந்து சொல்லட்டும். குருதித் துளியைத் தொடர்வதில் இளங்கண் கூரியது. நடுங்கும் கையோடு எய்த முதலம்பு ஓர் உயிரை அரைகுறையாக வதைத்தால், அதைச் சுமப்பது தந்தையல்ல, அவளே.

இவ்வில்வேட்டை அமெரிக்கரிடையே மறுபடியும் தளிர்த்த கதையிலும் ஒரு துயரம் உண்டு. 1911இல் கலிபோர்ணியாவின் ஒரோவில் என்னும் ஊரில், தன் இனத்தார் அனைவரையும் இழந்த யாகி இனத்து மனிதர் ஒருவர் காட்டிலிருந்து தனியே வெளிவந்தார். தம் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்வது அவர்கள் மரபன்று. இஷி என்று அழைத்தனர். அவர் மொழியில் மனிதன் என்பதே அதன் பொருள். சான் பிரான்சிஸ்கோ நூதனசாலையில் அவர் வாழ்ந்தபோது, சக்ஸ்ரன் போப் என்ற வைத்தியர் நண்பரானார். அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றார். 1916இல் இஷி காசநோயால் இறந்தார். 1923இல் போப் எழுதிய வில்வேட்டை நூல் ஒரு தலைமுறைக்கு வழிகாட்டியது. காட்டைப் பறித்துக்கொண்டவருக்கு வில்லைக் கற்பித்துவிட்டுப் போனார் அந்த மனிதர்.

இறைச்சியின் காரியம் எனக்குப் பழக்கமில்லாதது, கேட்டறிந்ததைச் சொல்கிறேன். இரலை மயிரின் உள்ளே துளையுண்டு. அது கம்பளிபோல் வெப்பத்தைச் சிறைப்படுத்தும். ஓகஸ்ட் வெயிலிலே தோலுரிக்கத் தாமதித்தால் சில மணிநேரத்தில் ஊன் கெடும். இரலையிறைச்சி நாறும் என்று சொல்வோர் பலர் இத்தாமதத்தின் பயனை உண்டவர்களாம். ஆதலின் பனிக்கட்டி நிறைந்த பெட்டிகள் வண்டியில் முன்னரே ஆயத்தமாயிருக்கும். உண்ணத்தக்க ஊனை வீணே விடுவது அங்கே குற்றம். ஓர் ஆணில் எலும்பு நீக்கி ஏறக்குறைய 40 இறாத்தல் தேறும். மூன்று குடும்பத்தாரும் யார் அம்பு பட்டது என்று பாராமல் சமமாகப் பங்கிடுவதென முன்னரே பேசி முடித்திருக்கின்றனர். வெறுங்கையோடு திரும்பினால் எரிபொருட் செலவையும் அவ்வாறே பங்கிடுவராம்.