பத்துக் குதிரைத்திறனும் ஒரு மலைச்சரிவும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் கண்ணமங்கலம் என்று ஓர் ஊர் வரும். அங்கே மேற்கே அமிர்தி பக்கம் திரும்பினால் ஜவ்வாது மலை நெருங்கி வந்துவிடும். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் உருண்டைக் கற்கள், மழைநீர் அறுத்த பள்ளங்கள், ஓடை மணல், நிமிர்ந்து ஏறும் மண்தடம். சாதாரண கார் இங்கே அடி தட்டி நின்றுவிடும். இந்த மாதிரித் தரையில் ஓடக்கூடிய வண்டியைக் கல்லூரி மாணவர்களே வரைந்து, குழாய் வெட்டி, வெல்டிங் வைத்து, ஓட்டியும் காட்ட வேண்டிய போட்டி ஒன்று உண்டு. அதன் பெயர் பாஹா.

1976இல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்.ஏ.இ. இந்தியா என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு, 2007 முதல் இதை நம் நாட்டிலும் நடத்துகிறது. மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்குப் பக்கத்திலுள்ள பீதம்பூர் சோதனைத் தளம்தான் பல ஆண்டுகளாக இதன் களம். கண்ணமங்கலத்துக்குப் பக்கத்து ஊரான வேலூரின் வி.ஐ.டி. மாணவர்களும் அங்கே வண்டியோடு போயிருக்கிறார்கள்.

இந்தப் போட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஒரு விதி. பெட்ரோல் வண்டிப் பிரிவில் நெடுங்காலமாக எல்லா அணிக்கும் ஒரே எஞ்சின்தான்: 305 சி.சி., ஒற்றை சிலிண்டர், 10 குதிரைத்திறன். அதன் உள்ளே கைவைத்துச் சக்தியைக் கூட்டக் கூடாது. பத்துக் குதிரைத்திறன் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். உங்கள் தெருவில் ஓடும் 110 சி.சி. ஸ்கூட்டருக்கே ஏறக்குறைய 8 இருக்கிறது. நான்கு சக்கரம், இரும்புக் கூண்டு, உள்ளே ஓட்டுநர், இவ்வளவையும் அதைவிடச் சற்றே பெரிய திறனைக் கொண்டு மலை ஏற்றியாக வேண்டும்.

முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 குதிரைத்திறன் சுமார் 746 வாட். பத்துக்கு, முழு எண்ணாக, 7500 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 250 கிலோ என்றால், பூமி அதை இழுக்கும் விசை ஏறக்குறைய 2500 நியூட்டன். 7500ஐ 2500ஆல் வகுத்தால் 3. அதாவது உராய்வில் ஒன்றுமே வீணாகாவிட்டால், நொடிக்கு 3 மீட்டர் வீதம் இந்த வண்டியை நேராக மேலே தூக்கும் திறன் அந்தச் சின்ன எஞ்சினுக்கு உண்டு! 30 பாகை சரிவில் 2 மீட்டர் ஓடினால்தான் 1 மீட்டர் உயரம் கிடைக்கும். ஆகவே சரிவில் நொடிக்கு 6 மீட்டர், மணிக்கு 22 கிலோமீட்டர் அளவுக்குப் போகலாம். திறனில் குறை ஒன்றும் இல்லை.

அப்படியிருந்தும் எஞ்சினை நேரே சக்கரத்தோடு இணைத்தால் வண்டி ஓர் அங்குலம்கூட ஏறாது. ஏன் என்று பாருங்கள். 30 பாகை சரிவில் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை 2500இல் பாதி, 1250 நியூட்டன். சக்கரத்தின் ஆரம் 28 சென்டிமீட்டர் என்றால், அதைத் திருப்ப 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். எஞ்சின் தருவதோ சுமார் 19தான். பதினெட்டு மடங்குக்கு மேல் பற்றாக்குறை!

இந்தப் பற்றாக்குறையைத் தீர்ப்பது பல்சக்கரங்கள். எஞ்சின் 18 சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரே ஒரு சுற்றுச் சுற்றுமாறு அமைத்தால், வேகம் 18இல் ஒரு பங்காகக் குறையும். முறுக்குவிசை 18 மடங்காகக் கூடும். நிமிடத்துக்கு 3800 சுற்று ஓடும் எஞ்சினுக்கு இந்த விகிதத்தில் வண்டியின் வேகம் எவ்வளவு என்று கணக்கிட்டால், மறுபடியும் மணிக்கு 22 கிலோமீட்டரை ஒட்டியே விடை வரும். ஒரு முறை திறனை வைத்துப் போட்டோம், இன்னொரு முறை பல்சக்கரத்தை வைத்துப் போட்டோம்; இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இயற்பியலில் இப்படி நடக்கும்போதெல்லாம் எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

ஆனால் சமதரையிலும் 22இல் ஊர்ந்துகொண்டிருந்தால் போட்டியில் தோற்க வேண்டியதுதான். அதனால் பல அணிகள் ஸ்கூட்டரில் உள்ள அதே ஏற்பாட்டைச் சேர்க்கின்றன: இரண்டு கப்பிகள், நடுவே ஒரு ரப்பர் பெல்ட். புறப்படும்போது பெல்ட் முன் கப்பியில் சிறிய வட்டத்திலும் பின் கப்பியில் பெரிய வட்டத்திலும் ஓடும். எஞ்சின் வேகமெடுக்கும்போது முன் கப்பிக்குள் இருக்கும் எடைகள் வெளிப்புறம் விலகி, கப்பியின் இரு தட்டுகளையும் நெருக்கும். பெல்ட் நழுவி மேலேறி, அங்கே வட்டம் பெரிதாகும், பின்னால் சிறிதாகும். கியர் மாற்ற ஆளே வேண்டாம்.

எஞ்சின் எல்லோருக்கும் ஒன்று என்பதால் எடைதான் அடுத்த போர்க்களம். ஆனால் எடையைக் குறைக்கிறேன் என்று ஓட்டுநரைச் சுற்றியுள்ள கூண்டை மெலிதாக்க விடமாட்டார்கள். வண்டி கவிழ்ந்தாலும் அது நசுங்கக் கூடாது. முக்கியக் குழாய்களுக்கு விதிநூல் காட்டும் அடிப்படை அளவு: வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர், சுவர்த்தடிப்பு 3 மில்லிமீட்டர். கெட்டிக் கம்பி ஏன் கூடாது? அதே எடை இரும்பைக் கம்பியாக வார்த்தால் அதன் விட்டம் 16 மில்லிமீட்டர்தான் வரும். வளையாமல் நிற்பதில் குழாய் அந்தக் கம்பியைவிட ஏறக்குறைய மூன்றே முக்கால் மடங்கு உறுதி. வளைக்கும்போது இழுபடுவதும் நசுங்குவதும் பெரும்பாலும் வெளிப்பரப்பு. நடுவில் உள்ள இரும்பு எடைக்குத்தான் உதவும். ஜவ்வாது மலை மூங்கில் உள்ளே காலியாக இருந்தும் காற்றில் நிற்பது இதே கணக்கில்தான்.

களத்தில் வண்டியை உடனே ஓடவிடுவதில்லை. பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டும். பெல்ட்டெல்லாம் மாட்டி உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் 5 நொடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். பிறகு முடுக்கம், மேடேறுதல், வளைந்து திரும்புதல். கடைசியில் 4 மணி நேரத் தாங்குதிறன் ஓட்டம். மேடு பள்ளங்களில் இடைவிடாமல் குலுங்கும்போது சரியாக இறங்காத வெல்டிங் விரியும், முறுக்காத நட்டு கழலும். எனக்கு இந்த ஓட்டம்தான் உண்மையான தேர்வுத்தாள். கணினியில் அழகாக வரைந்த வண்டியைக் கற்கள் திருத்துகின்றன.

2015இல் மின்வண்டிகளுக்கும் தனிப்பிரிவு வந்துவிட்டது. மின்மோட்டார், நின்ற நிலையிலிருந்தே ஏறக்குறைய முழு முறுக்குவிசையையும் தரும். மேடேறுவதற்கு அது பெரிய உதவி. பதிலுக்கு மின்கலத்தின் எடையைச் சுமக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. ஒரு மெலிந்த ஓட்டுநரும் கெட்டிக்கார அணியும் சேர்ந்து மொத்த எடையை 200 கிலோவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று வையுங்கள். அதே எஞ்சின், அதே 30 பாகை சரிவு. மேலே போட்ட கணக்கையே திரும்பப் போடுங்கள். மணிக்கு 27 கிலோமீட்டர் என்று வந்தால் சரி.