காற்றில் கரைந்த கச்சேரியைக் கையில் பிடித்தவர்கள்!

குழந்தைகளே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய அட்டைப் பெட்டி ஏதாவது இருக்கிறதா? ஏறிப் பாருங்கள். உள்ளே தூசி படிந்த கேசட்டுகள் கிடக்கலாம். 'இதெல்லாம் எதற்கு? பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடலாம்' என்று வீட்டில் யாராவது சொன்னால், 'கொஞ்சம் பொறுங்கள்!' என்று உடனே தடுத்துவிடுங்கள். உலகத்தில் வேறு எங்குமே இல்லாத ஒரு குரல் அந்தப் பெட்டிக்குள் இருக்கலாம்!

நம்ப முடியவில்லையா? அதற்கு முன் உத்திரமேரூர் வரைக்கும் ஒரு நடை போய்வருவோம், வாருங்கள்.

கல் காப்பாற்றியது... குரல் தப்பவில்லை!

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் இருக்கும் கல்வெட்டுகளைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் அவை. ஆண்டு கி.பி. 919, 921.

அந்தத் தேர்தலில் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போடுவார்கள். ஒரு சிறுவன் குடத்துக்குள் கையை விட்டு ஓர் ஓலையை எடுப்பான். அதை நடுவர் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசிப்பார். மண்டபத்தில் இருக்கும் நம்பிமார்கள் எல்லோரும் அதை வாசிப்பார்கள். இத்தனையும் கல்லில் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருடம் ஆகியும் நாம் படிக்கிறோம்.

ஆனால் வாசித்தவரின் குரல்? அது அன்றைக்கே காற்றோடு போய்விட்டது. எழுத்தைக் காப்பாற்றிய கல்லால் குரலைக் காப்பாற்ற முடியவில்லை.

கேட்க முடியாத மேதை

சரி, அது சோழர் காலம். நம் தாத்தாவின் தாத்தா காலத்துக்கு வருவோம். இதே மாவட்டத்தில், காஞ்சிபுரத்தில் நாயனா பிள்ளை என்ற பெரிய பாடகர் இருந்தார். 1889-இல் பிறந்து 1934-இல் மறைந்தவர். தாளக் கணக்கில் புலி! வயலின், மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு பட்டாளத்தையே மேடையில் உட்காரவைத்துக்கொண்டு பாடுவார். அத்தனை பேரும் கணக்குப் போட்டு வாசிக்க, நடுவில் தாளம் தப்பாமல் நிற்பார் என்று அவரைக் கேட்டவர்கள் வியந்திருக்கிறார்கள்.

நமக்கும் கேட்க ஆசையாக இருக்கிறது, இல்லையா? கேட்க முடியாது. அவர் குரல் ஒரு பதிவில்கூட இல்லை.

அதே காஞ்சிபுரத்தில் 1919-இல் பிறந்தவர் டி.கே. பட்டம்மாள். சிறுமியாக இருந்தபோது நாயனா பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர். ராகம் தானம் பல்லவி பாடும் பெண்கள் அரிதாக இருந்த காலத்தில் துணிந்து பாடியவர். அவர் 2009-இல் மறைந்தார். ஆனால் அவர் குரலை இன்றைக்கும் கேட்கலாம். இசைத்தட்டு இருக்கிறது, வானொலிப் பதிவு இருக்கிறது, ரசிகர்கள் பிடித்துவைத்த கச்சேரிகளும் இருக்கின்றன. ஒரே ஊர், இரண்டு மேதைகள். ஒருவர் குரல் நம்மிடம் இருக்கிறது, இன்னொருவர் குரல் இல்லை. பதிவு செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது புரிகிறதா?

மூன்று நிமிடத்தில் கச்சேரியா?

'அதுதான் இசைத்தட்டு இருந்ததே! கச்சேரியை வேறு ஏன் பிடிக்க வேண்டும்?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி.

அந்தக் காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், மிஞ்சிப்போனால் நான்கு நிமிடம்தான் பாட்டு. கச்சேரியோ மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் நடக்கும். பல்லவி மட்டுமே ஒரு மணி நேரம் போகும். யானையைப் பானைக்குள் அடைக்க முடியுமா?

இன்னொன்றும் உண்டு. கர்நாடக இசையில் ராகத்தை விரிப்பதும் ஸ்வரம் பாடுவதும் மனோதர்மம். அதாவது, பாடகர் மேடையில் அந்த நிமிடத்தில் கற்பனை செய்து பாடுவது. நேற்றுப் பாடிய தோடி இன்றைக்கு வராது. இன்றைய தோடி நாளைக்கு வராது. டெண்டுல்கர் ஒரு சதம் அடித்ததைப் பார்த்தாயிற்று, இனி அவர் ஆட்டமே வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? அதுபோலத்தான். ஒரே பாட்டை ஒரே பாடகர் பத்து இடத்தில் பாடியதைப் பத்துப் பதிவாகத் தேடிச் சேர்க்கும் ரசிகர்கள் உண்டு!

பஸ்ஸில் போன டேப் ரெக்கார்டர்

இசைத்தட்டு தயாரிக்கப் பெரிய கம்பெனி வேண்டும். டேப் ரெக்கார்டர் வந்ததும் அந்த வேலையைச் சாதாரண ரசிகர்களே செய்யத் தொடங்கினார்கள். முதலில் வந்தது ஸ்பூல் டேப். பெரிய தட்டுப்போன்ற இரண்டு சக்கரங்களில் நாடா ஓடும். பெட்டியைத் தூக்கினால் தோள்பட்டை வலிக்கும்! அதைச் சுமந்துகொண்டு சபாக்களுக்கும், கோயில் திருவிழாக்களுக்கும், கல்யாணக் கச்சேரிகளுக்கும் போனார்கள். போக முடியாதவர்கள் வீட்டில் ரேடியோவின் முன்னால் வைத்துப் பதிந்தார்கள்.

1963-இல் பிலிப்ஸ் கம்பெனி உள்ளங்கையில் அடங்கும் கேசட்டைக் கொண்டுவந்தது. இன்னும் சுலபமாகிவிட்டது. சி-90 என்ற கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு இரண்டு கேசட் போதும். ஒரே ஒரு தலைவலி. நல்ல ஆலாபனை நடக்கும்போது 'டக்' என்று பக்கம் முடிந்துவிடும்! திருப்பிப் போடுவதற்குள் ஒரு சங்கதி போயே போய்விடும். அதனால் கெட்டிக்கார ரசிகர்கள் கண்ணைக் கடிகாரத்திலேயே வைத்திருந்து, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கேசட்டைத் திருப்பிவிடுவார்கள்.

1968-இல் மறைந்த மதுரை மணி அய்யரை இன்று நாம் பெரும்பாலும் கேட்பது இப்படிப்பட்ட கச்சேரிப் பதிவுகளில்தான்.

ஒலிநாடாவுக்குள் என்ன இருக்கிறது?

பிளாஸ்டிக் நாடாவின்மேல் இரும்பு ஆக்சைடுத் தூள் பூசியிருக்கும். நாம் பேசும்போது மைக் அந்த ஒலியை மின்சாரமாக மாற்றுகிறது. ரெக்கார்டரில் உள்ள சின்ன மின்காந்தம், அந்த மின்சாரம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப நாடாவிலுள்ள தூளைக் காந்தமாக்குகிறது. திரும்ப ஓட்டினால் காந்தம் மின்சாரமாகி, மின்சாரம் ஒலியாகிறது. கேசட்டில் நாடா ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். சி-90 கேசட்டுக்குள் சுருண்டிருக்கும் நாடாவின் நீளம் சுமார் 130 மீட்டர்!

நீ ஒன்று கொடு, நான் ஒன்று தருகிறேன்!

தபால்தலை சேர்ப்பவர்கள் மாற்றிக்கொள்வார்கள் அல்லவா? டேப் ரசிகர்களும் அப்படித்தான். 'என்னிடம் இந்தக் கச்சேரி இருக்கிறது, உங்களிடம் அது இருக்கிறதா?' என்று கேட்டுக்கொள்வார்கள். இரண்டு டேப் ரெக்கார்டர்களை ஒயரால் இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பிரதி எடுப்பார்கள்.

தபால்தலையைக் கொடுத்துவிட்டால் உங்களிடம் அது இருக்காது. கச்சேரியைக் கொடுத்தால்? உங்களிடமும் இருக்கும், அவரிடமும் இருக்கும்! கொடுக்கக் கொடுக்கக் குறையாத பொருள் இது.

'யாருக்கும் தரமாட்டேன்' என்று பூட்டிவைத்தவர்களும் உண்டு. பூட்டிவைத்தால் என்ன ஆகும்? நம் ஊர் ஈரக்காற்றில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். அசிடேட் வகைப் பழைய ஸ்பூல்கள் வினிகர்போல நாற்றமடித்துச் சுருங்கும். ஒரே ஒரு பிரதி என்றால் அதோடு கதை முடிந்தது. நான்கு பேர் கையில் இருந்தால் ஒன்று போனாலும் மூன்று மிஞ்சும்.

பிரதி எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிரதிக்குப் பிரதி எடுத்தால் 'உஸ்...' என்ற இரைச்சல் கூடிக்கொண்டே போகும். அதனால் 'மூலத்திலிருந்து எடுத்ததா?' என்று விசாரித்துத்தான் வாங்குவார்கள். பதியும்போது பேட்டரி இறங்கிப்போயிருந்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். அதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாடகர் குரல் கீச்சுக்குரல் ஆகிவிடும்! பாடகரின் வழக்கமான சுருதியோடு ஒப்பிட்டு வேகத்தைச் சரிசெய்வார்கள்.

கடல் தாண்டியும் இதே கதை

அமெரிக்காவில் 'கிரேட்ஃபுல் டெட்' என்று ஒரு ராக் இசைக்குழு இருந்தது. 1965-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. அவர்களும் மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பவர்கள். ஒருநாள் மாதிரி மறுநாள் இருக்காது. எனவே ரசிகர்கள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மைக்கோடு வந்து பதிவுசெய்தார்கள்.

குழுவினர் என்ன செய்தார்கள் தெரியுமா? விரட்டவில்லை. 1984-இல் பதிவுசெய்பவர்களுக்கு என்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கினார்கள்! ரசிகர்களுக்கு ஒரு விதி இருந்தது. காசுக்கு விற்கக் கூடாது. வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் போதும், பதிந்து அனுப்புவார்கள். 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் நடத்திய நிகழ்ச்சியின் பதிவு இப்படிக் கைமாறிக் கைமாறிப் புகழ்பெற்றது. பிறகு அந்த நாட்டு நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அது இடம்பிடித்தது!

நம் ஊரிலும் இந்த வேலை நடக்கிறது. சென்னை மியூசிக் அகாடமியில் பழைய கச்சேரிகளைத் திரையில் தேர்ந்தெடுத்துக் கேட்க ஓர் ஒலி நூலகம் இருக்கிறது. இணையம் வந்தபின், விற்பனைக்கு வராத கச்சேரிப் பதிவுகளை ரசிகர்கள் காசு வாங்காமல் பகிர்ந்துகொள்ள 'சங்கீதப்ரியா' போன்ற முயற்சிகள் பிறந்தன.

கேட்டுவிட்டுப் பதியுங்கள்!

முக்கியமான விஷயம்! எல்லாக் கலைஞர்களும் கிரேட்ஃபுல் டெட் மாதிரி அனுமதி கொடுப்பதில்லை. பாடுபவருக்கு அவர் பாட்டின்மேல் உரிமை உண்டு. நம் நாட்டுச் சட்டமும் 1994-இல் அதை ஏற்றுக்கொண்டது. எனவே அனுமதி கேட்காமல் பதிவதும், கடையில் விற்கும் பாட்டைப் பிரதி எடுப்பதும் தவறு.

இனி உங்கள் முறை

உங்கள் கிராமத்தில் விடிய விடியக் கூத்து நடக்கும். கோயிலில் நாகஸ்வரம் ஒலிக்கும். பாட்டிக்குத் தாலாட்டும் நடவுப் பாட்டும் தெரியும். இவற்றில் எத்தனை பதிவாகியிருக்கின்றன? வீட்டில் ஒரு செல்போன் இருந்தால் போதும், நீங்களே பதியலாம்.

* முதலில் அனுமதி கேளுங்கள்.

* மின்விசிறியை நிறுத்துங்கள். போனைப் பாடுபவருக்கு அருகில் வையுங்கள்.

* பாட்டு தொடங்கும் முன், தேதி, ஊர், பாடுபவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லுங்கள்.

* குறைந்தது மூன்று இடங்களில் பிரதி வையுங்கள். பாடியவருக்கும் ஒன்று கொடுங்கள்.

* பரணில் கிடைத்த கேசட்டில் பூஞ்சை இருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடா கெட்டுவிடும். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நல்ல கேசட் என்றால், அதன் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். அதன்மேல் தவறிப்போய் யாரும் வேறு எதையும் பதிய முடியாது.

மூன்றாவது குறிப்பை மறக்காதீர்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் 'பராந்தகனின் 12-ஆவது ஆட்சியாண்டு, 14-ஆவது ஆட்சியாண்டு' என்று பொறித்திருப்பதால்தான் அது கி.பி. 919, 921 என்று நம்மால் சொல்ல முடிகிறது. பெயரும் தேதியும் இல்லாத கேசட், ஆண்டு இல்லாத கல்வெட்டு மாதிரி. யார், எங்கே, எப்போது என்று யாருக்கும் தெரியாது.

நாயனா பிள்ளையின் குரலை இனி யாராலும் கொண்டுவர முடியாது. உங்கள் பாட்டி இன்றைக்குச் சாயங்காலம் பாடப்போகும் பாட்டை உங்களால் காப்பாற்ற முடியும். என்ன, பாட்டியிடம் கேட்கக் கிளம்பிவிட்டீர்களா?