முதல் குரலுக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே

மலேசியாவின் போர்ட்டிக்சன் அரசாங்க மருத்துவமனையின் முகவரியில் சி ரூசா என்றுதான் இருக்கும். கடலோரச் சாலையில் நிற்கிறது. உள்ளே இருக்கும் செம்பனைத் தோட்டங்களிலிருந்து மோட்டாரில் வந்துவிடலாம். குடிமக்களுக்கு வெளிநோயாளர் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. தூரமும் காசும் பெரிய தடையில்லாத இப்படிப்பட்ட இடங்களிலும், மனநோய் கண்ட ஒருவர் மருத்துவரிடம் வந்து சேர மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆகிறது.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம், இருபது வயதிருக்கும். வேலைக்குப் போவதை நிறுத்துகிறான். பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். ஆளில்லாத மூலையைப் பார்த்துப் பதில் சொல்கிறான். வீட்டில் முதலில் காதல் தோல்வி என்பார்கள், அப்புறம் கஞ்சா, கடைசியில் யாரோ ஏவிவிட்டார்கள். சாமி பார்க்கிறவரிடம் போகிறார்கள், கேட்கவில்லையென்றால் மலாய் மந்திரவாதியான போமோவிடம். இதில் ஏளனம் செய்ய எதுவுமில்லை. பிள்ளையைக் காப்பாற்றத்தானே ஓடுகிறார்கள்?

குரல் கேட்கத் தொடங்கிய நாளுக்கும் முறையான சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட இந்தக் காலத்தை ஆய்வாளர்கள் தனியாக அளக்கிறார்கள். அது நீள நீள, மருந்துக்கு நோய் மெதுவாகத்தான் அடங்குகிறது. நோய் மூளையையே அரிக்கிறதா, அல்லது தாமதமாக வருகிறவர் நோயின் பாதையில் ஏற்கெனவே வெகுதூரம் போய்விட்டதால் அப்படித் தெரிகிறதா என்பதில் சண்டை இன்னும் தீரவில்லை. அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும், அதற்குள் படிப்பு போயிருக்கும், வேலை போயிருக்கும், கூட்டாளிகள் விலகியிருப்பார்கள். அதை எந்த மாத்திரையும் திருப்பித் தராது.

நார்வேயின் ஸ்டாவாங்கர் பகுதியில் 1997இல் ஒரு சோதனை செய்தார்கள். பத்திரிகை விளம்பரம், பள்ளிகளில் பேச்சு, யாரும் நேராகக் கூப்பிடக்கூடிய ஒரு குழு. அவ்வளவுதான். அங்கே இந்த இடைவெளி ஐந்து வாரமாகச் சுருங்கியது. பிரசாரம் நடக்காத பகுதிகளில் பதினாறு வாரம். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, ஸ்டாவாங்கர் பக்கம் குணமடைந்தவர்கள் சுமார் 31 சதவீதம், மற்ற இடங்களில் 15. விளம்பரத்தை நிறுத்தியதும் இடைவெளி மறுபடி நீண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கூச்சலிட்டு, பொருளை உடைக்கிறவனை வீட்டார் சீக்கிரம் கூட்டிவந்துவிடுகிறார்கள். சுருண்டு படுத்து, பேச்சைக் குறைத்துக்கொள்கிறவன்தான் தவறிப்போகிறான். 'அவன் சாதுவான பிள்ளை' என்று சொல்லியே ஒரு வருடம் ஓடிவிடும்.

சென்னையில் 1984இல் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனமும் கனடாவின் மொன்றியல் ஆய்வாளர்களும் சேர்ந்து, முதல்முறை நோய் கண்டவர்களை இரண்டு வருடம் கவனித்தார்கள். சோம்பல், ஒதுங்கல் போன்ற அறிகுறிகள் சென்னையில் அதிகம் குறைந்தன. அங்கே குடும்பம் சிகிச்சையோடு கடைசிவரை கூடவே நின்றது. நம் தோட்டத்து வீடுகளிலும் அந்தப் பலம் உண்டு, பிள்ளையை விட்டுக்கொடுக்கமாட்டார்கள். அதே வீடுதான் பெயர் கெட்டுவிடும் என்று கதவைச் சாத்தவும் செய்கிறது.

பெயர் என்றால் என்னவென்று மலேசியாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1911இல் பேராக்கில் மனநல மருத்துவமனை வந்த ஊர் தஞ்சோங் ரம்புத்தான். இன்றும் கோப்பிக் கடையில் ஒருவனைக் கிண்டலடிக்க அந்த ஊர்ப் பெயர் ஒன்று போதும். சி ரூசா பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அந்தப் பையனின் அம்மா காதிலும் அதுதான் விழுந்திருக்கிறது, தன் ஊர் மருத்துவமனையின் முகவரி அல்ல.