கருவியை விற்கிறார்கள், உயிரை நாமே வளர்ப்போம்

மாவு புளிக்கிறது, பால் தயிராகிறது, குப்பைமேடு மக்கி எருவாகிறது. இதையெல்லாம் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் எதைக் கொண்டு செய்கின்றன என்று கேட்டால் பெரியவர்களுக்கே பதில் வராது. அந்தக் கருவிக்குப் பெயர்தான் நொதி. உரக்கடைகளில் 'என்சைம்' என்று டப்பா டப்பாவாக வந்து இறங்குகிறதே, அதே சொல்தான். நுண்ணுயிர் வேறு, நொதி வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது வெறும் அறிவியல் பாடம் அல்ல, நம் மடியில் இருக்கிற காசு சம்பந்தப்பட்டது.

நான் உடுமலைப் பக்கம் தென்னை வைத்திருக்கிறவன். போன ஆண்டு ஒரு நிறுவனத்தின் ஆள் எங்கள் ஊர் டீக்கடைக்கே வந்துவிட்டார். "இதைத் தண்ணியில கலந்து தெளிச்சீங்கன்னா நார்க்கழிவு பத்தே நாள்ல உரமாயிரும்ங்க" என்றார். ஒரு லிட்டர் 1,800 ரூபாய். "உள்ள என்ன நுண்ணுயிர் இருக்குதுங்க?" என்று கேட்டேன். "நுண்ணுயிரெல்லாம் இல்லீங்க, நேரடியா என்சைம்" என்றார். "அப்ப அடுத்த குவியலுக்கு?" "அடுத்த டப்பா வாங்கிக்கோணுமுங்க." அவர் மறைக்காமல் சொன்ன அந்தக் கடைசிப் பதிலில்தான் மொத்த வியாபாரமும் இருக்கிறது.

நொதி என்றால் என்ன?

நொதி ஒரு புரதம். அதற்கு உயிர் கிடையாது, குட்டி போடாது, பெருகாது. ஆனால் தன் வேலையில் கெட்டிக்காரன். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல ஒரு நொதி ஒரு வகைப் பிணைப்பைத்தான் வெட்டும்.

நம் வீட்டிலேயே பார்க்கலாம். கேழ்வரகை முளைகட்டி வாயில் போட்டால் இனிக்கிறது. விதைக்குள் இருக்கும் மாவுச்சத்தை முளை தன் சாப்பாட்டுக்காகச் சர்க்கரையாக வெட்டுகிறது. அதற்கு அது உண்டாக்கும் கருவி அமைலேஸ் என்ற நொதி. முளைகட்டிய மாவில் காய்ச்சிய கஞ்சி கெட்டியாகாமல் நீர்த்து இருப்பதும் இதனால்தான். கறி வேகாவிட்டால் பச்சைப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறார்கள். காயின் பாலில் இருக்கும் பப்பைன் நொதி இறைச்சியின் புரதத்தை வெட்டுகிறது. அதே காயை முன்கூட்டியே வேகவைத்துப் போட்டால் ஒன்றும் நடக்காது, சூட்டில் நொதி கெட்டுவிடும். நாம் போடுகிற மீன் அமிலத்திலும் இதே கதைதான். மீனின் குடலிலும் சதையிலும் இருக்கும் நொதிகளே மீனைக் கரைக்கின்றன. வெல்லம் அதை அழுகவிடாமல் காக்கிறது.

உயிருள்ள ஈஸ்ட் இல்லாமலும் சர்க்கரை நொதிக்கும் என்று காட்டியவர் ஜெர்மனியின் எடுவர்ட் புக்னர். 1897-இல் அவர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்து சாறு எடுத்தார். உயிருள்ள ஈஸ்ட் இல்லாத அந்தச் சாற்றில் சர்க்கரையைப் போட்டதும் அது நொதித்தது. 1907-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. சலவைத்தூள், துணி ஆலை, பழச்சாறு என இன்றைக்குப் பல தொழில்களில் நொதி ஓடுகிறது. ஆலைக்கு அது சரி. அங்கே சூடு, புளிப்பு, நேரம் எல்லாம் அளந்து வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக் குவியலில் வெயிலும் மழையும்தான் கணக்கு. தெளித்த நொதி கொஞ்ச நாளில் சிதைந்து போகும். அதை மறுபடி உண்டாக்க உள்ளே ஓர் உயிர் இருக்க வேண்டும்.

ஒரே மட்டை, இரண்டு வேலை

தேங்காய் மட்டையை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நார், மீதி தூளான நார்க்கழிவு. மில்காரர்கள் பித் என்கிறார்கள்.

கேரளத்து உப்பங்கழிகளில் மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போட்டு அழுகவைப்பார்கள். தண்ணீருக்குள் காற்று இல்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் நாரையும் தூளையும் ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையைத் தங்கள் நொதிகளால் கரைக்கின்றன. நாருக்குப் பலம் தரும் லிக்னினை அவற்றால் தொட முடியாது. அதனால்தான் நார் கெடாமல் பளபளவென்று வெளியே வருகிறது.

நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான வேலை. நார்க்கழிவை மக்கவைக்கத் தடையாக நிற்பதே அந்த லிக்னின்தான். பச்சை நார்க்கழிவில் சுமார் 30 சதவீதம் லிக்னின். கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1. இதை அப்படியே மண்ணில் கொட்டினால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் இதைத் தின்பதற்காகப் பயிருக்கு உரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். பயிர் வெளுத்துப் போகும். மில் ஓரங்களில் குவியல் பல ஆண்டு கிடந்தும் மக்காமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

லிக்னினை வெட்டத் தெரிந்த உயிர்கள் குறைவு. அவற்றில் முதன்மையானவை மரத்தை வெண்மையாக உளுக்கச் செய்யும் பூஞ்சணங்கள். சிப்பிக்காளான் அந்த இனம். அது லாக்கேஸ் முதலிய நொதிகளைத் தன் உடலுக்கு வெளியே சுரந்து லிக்னினை உடைக்கிறது. லாக்கேஸ் காற்றில் உள்ள ஆக்சிஜனை வைத்துத்தான் வேலை செய்யும். காற்று புகாத குவியலில் காளான் விதை எவ்வளவு போட்டாலும் பயன் இல்லை. குவியலைக் கிளறிவிடச் சொல்வதன் காரணம் இதுதான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக்காளானை வைத்து மக்கவைக்கும் முறையை வெகுகாலம் முன்பே கொடுத்துவிட்டது. ஆலப்புழைப் பக்கம் கலவூரில் இருக்கும் கயிறு வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் இதே காளான் இனத்தைப் 'பித்பிளஸ்' என்ற பெயரில் தருகிறது. பல்கலைக்கழகக் கணக்குப்படி 60 நாளில் லிக்னின் 30 சதவீதத்திலிருந்து 5-க்கும் கீழே இறங்குகிறது. விகிதம் 112:1-லிருந்து 24:1 ஆகிறது. தழைச்சத்து கால் சதவீதத்திலிருந்து ஒரு சதவீதத்துக்கு ஏறுகிறது.

யூரியா இல்லாமல் நாங்கள் செய்தது

பல்கலைக்கழக முறையில் 1 டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, 1.5 கிலோ காளான் விதை. நமக்கு யூரியா ஆகாது. ஆனால் அது எதற்காகப் போடப்படுகிறது என்று புரிந்தால் மாற்று நம் தோட்டத்திலேயே இருக்கிறது. 5 கிலோ யூரியாவில் இருப்பது 2.3 கிலோ தழைச்சத்து. காளான் தன் உடலையும் நொதியையும் கட்டுவதற்கு அது வேண்டும். வேலியில் நிற்கும் கிளைரிசிடியாவின் பச்சைத்தழை 100 கிலோவில் ஏறத்தாழ முக்கால் கிலோ தழைச்சத்து இருக்கிறது. 200 கிலோ தழையும் 200 கிலோ பச்சைச் சாணமும் கொஞ்சம் கோமியமும் சேர்த்தால் கணக்கு ஈடாகிவிடுகிறது.

நாங்கள் ஏழு பேர் சேர்ந்து 4 டன் எடுத்தோம். மழையில் இரண்டு பருவம் நனைந்து கிடந்த பழைய குவியலாகப் பார்த்துக் கேட்டோம், மில்காரர் வண்டி வாடகைக்கே கொடுத்துவிட்டார். பழைய குவியலாக எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நார்க்கழிவில் உப்பு உண்டு, மழை அதைக் கழுவிவிடும். புதிது என்றால் நல்ல தண்ணீரில் அலசித்தான் ஆக வேண்டும்.

மர நிழலில் தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து 3 அங்குல உயரத்துக்கு நார்க்கழிவைப் பரப்பினோம். அதன்மேல் காளான் விதை, மறுபடி நார்க்கழிவு, அதன்மேல் நறுக்கிய தழையும் சாணக் கரைசலும். இப்படியே மாற்றி மாற்றி 4 அடி உயரம். அதற்குமேல் போகக்கூடாது. உயர உயர நடுவில் சூடு ஏறும், சிப்பிக்காளானுக்குச் சூடு ஆகாது. ஈரம் 60 சதவீதம் இருக்க வேண்டும். கையில் பிடித்து இறுக்கினால் விரலிடுக்கில் ஈரம் கசியணும், சொட்டக்கூடாது. 10 நாளைக்கு ஒருமுறை கிளறினோம். தழை சேர்த்ததால் முதல் வாரம் கொஞ்சம் சூடேறியது, ஒரு நாள் முன்னதாகவே கிளறி ஆற்றினோம்.

காளான் விதைக்கு வருவோம். முதல் 2 டன்னுக்குத்தான் கடையில் விதை வாங்கினோம். மீதிக்குப் பக்கத்து ஊரில் காளான் வளர்க்கும் ஓர் அக்காவிடம் போனோம். அறுவடை முடிந்த காளான் படுக்கைகளை வெளியே வீசுவதுதான் அவருக்கு வழக்கம். "இதையா கேக்கறீங்க? அள்ளிட்டுப் போங்க சாமி" என்றார். அறுவடை முடிந்தாலும் அந்த வைக்கோலில் காளானின் வெள்ளை நூல் உயிரோடு இருக்கிறது, நொதியும் இருக்கிறது. உதிர்த்துத் தூவினோம். விதை போட்ட குவியல் 60 நாளில் முடிந்தது, படுக்கை போட்டது 75 நாள் எடுத்தது. பச்சைப் பூசணம் பிடித்த படுக்கையை மட்டும் எடுக்காதீர்கள், அது சிப்பிக்காளானை அமுக்கிவிடும். குவியல்மேல் தானாக முளைக்கும் காளானைப் பறித்துச் சமைக்கவும் வேண்டாம். எது எதுவென்று நமக்குத் தெரியாது.

மக்கியதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. நிறம் கறுத்து, அளவு குறைந்து, முதல் மழை பெய்த மண்ணின் வாசம் வரும். அதோடு ஒரு தொட்டியில் மக்கையும் இன்னொரு தொட்டியில் தோட்டத்து மண்ணையும் போட்டு 20 பாசிப்பயறு விதையுங்கள். இரண்டிலும் ஒன்றுபோல முளைத்துப் பச்சையாக நின்றால் மக்கு தயார். வெளுத்தால் இன்னும் 10 நாள் விடுங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு போட்டு மூன்று மாதம் மூடிவைக்கும் கரைசலையும் 'என்சைம்' என்கிறார்கள். அதில் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் காடி. தரை துடைக்க நல்லது. அதை ஊற்றினால் நார்க்கழிவு மக்கும் என்று நினைத்தால் நடக்காது. லிக்னின் பூட்டுக்கு அது சாவி அல்ல.

இன்னொரு பக்கம் பாருங்கள். காசியாபாத்தில் உள்ள தேசிய இயற்கை வேளாண் மையம் கழிவு மக்கவைக்கும் நுண்ணுயிர்க் கலவையை ஒரு குப்பி 20 ரூபாய்க்குக் கொடுத்தது. 200 லிட்டர் தண்ணீர், 2 கிலோ வெல்லம் சேர்த்தால் ஒரு வாரத்தில் பெருகிவிடும். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்த 200 லிட்டர். உறைமோர் வைப்பதைப் போலத்தான். நம் அமுதக்கரைசலும் பஞ்சகவ்யமும் நிற்பது இதே தத்துவத்தில். உயிரை வாங்கினால் ஒருமுறை செலவு, கருவியை வாங்கினால் ஒவ்வொரு முறையும் செலவு. எந்த டப்பா வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: உள்ளே இருப்பது உயிரா, கருவியா? உயிர் என்றால் அதன் பெயர் என்ன?

மட்டையோடு என்ன போகிறது?

தென்னை மண்ணிலிருந்து அதிகமாக எடுக்கும் சத்து சாம்பல்சத்து. அதில் பெரும்பகுதி மட்டையில்தான் சேருகிறது. மட்டையை லாரியில் ஏற்றும்போது சாம்பல்சத்தையும் ஏற்றித்தான் அனுப்புகிறோம். மில்லில் அது கழுவப்பட்டு ஓடைக்கும் கிணற்றுக்கும் போகிறது. கழுவிய தூள் கட்டியாக அழுத்தப்பட்டு வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்குக் கப்பலேறுகிறது. நம் வட்டப்பாத்தி மட்டும் வெறும் மணலாகக் கிடக்கிறது. தன் எடையைப்போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் பொருளை விற்றுவிட்டு, சொட்டுநீருக்கு மோட்டார் ஓட்டுகிறோம்.

மட்டையை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காய் விலை படுத்துவிடும் மாதங்களில் அந்தக் காசுதான் கூலிக்கு ஆகிறது. ஆனால் நான்கு வண்டி போனால் ஒரு வண்டியாவது மக்காகத் திரும்பி வரவேண்டும் என்று எங்கள் ஏழு பேருக்குள் முடிவு செய்திருக்கிறோம். மில்காரரிடமும் அப்படித்தான் பேசியிருக்கிறோம்: "மட்டைக்குப் பணம் கொடுங்க, பித்துல ஒரு பங்கு எங்களுக்குத் திருப்பிக் கொடுங்க."

மரத்துக்கு 25 கிலோ போட்டு ஓர் ஆண்டு ஆகிறது. காய் கூடிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தென்னையில் குருத்துக்குள் பாளை உருவாகி, வெடித்து, காய் முற்றுவதற்கு மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். இன்றைக்குப் பறிக்கும் காய் மூன்றரை ஆண்டுக்கு முந்தைய கவனிப்பின் கணக்கு. நான் கண்டது இதுதான்: நான்கு நாளைக்கு ஒருமுறை பாய்ச்சிய பாத்தி ஆறாம் நாளும் ஈரமாக இருக்கிறது, தோண்டினால் மண்புழு தட்டுப்படுகிறது.

உங்கள் ஊரில் நார் மில் இருக்கும். கொஞ்ச தூரத்தில் யாரோ ஒருவர் காளான் வளர்ப்பார். நடுவில் தென்னந்தோப்பு. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டால் போதும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு டன் போட்டுப் பாருங்கள். முதல் குவியல் முடிந்ததும் அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்து அடுத்த குவியலில் கலந்துவிடுங்கள். அதோடு ஒரு சாக்கை அள்ளிப் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் கொடுங்கள்.