பிடிவாதக்கார எண்கள்

ஆறாம் வகுப்புப் படிக்கும் குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், விளக்கு வைத்த பிறகு இந்தக் கேள்வி உங்கள் காதில் விழாமல் இருக்காது. "அம்மா, 51 பகா எண்ணா, பகு எண்ணா?"

நீங்கள் குழம்பைக் கிளறிக் கொண்டே, "ஐம்பத்தொன்றா? அது எதிலும் வகுபடாதே! பகா எண் என்று எழுது" என்று சொல்லி விடுகிறீர்கள். மறுநாள் நோட்டில் சிவப்பு மசியில் ஒரு பெருக்கல் குறி விழுகிறது. பெண் மூக்கைச் சிந்திக் கொண்டு வருகிறாள். அப்போது வீட்டுப் பெரியவர்கள் ஒரு சமாதானம் சொல்கிறார்களே, அதுதான் பெரிய ஆபத்து. "போகட்டும் விடு. எனக்கும் கணக்கு வராது, என் அம்மாவுக்கும் வராது. உனக்கு மட்டும் எங்கிருந்து வரும்?"

அட்டிகை, ஒட்டியாணம் போல இதையும் ஒரு சீதனமாகத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வருகிறோம். பிள்ளைக்கு இதைச் சொல்வது குறைவு, பெண்ணுக்குத்தான் அதிகம். அவளும் பத்திரமாக வாங்கி வைத்துக் கொள்கிறாள்.

51-ல் தவறியதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. 3-ஐ 17-ஆல் பெருக்கினால் 51. 19-ஆல் பெருக்கினால் 57. அந்த 57 பெரிய ஆளையே கவிழ்த்ததாக ஒரு கதை உண்டு. அலெக்ஸாண்டர் க்ரோதெண்டீக் என்பவர் சென்ற நூற்றாண்டின் கணித மேதைகளில் முன்வரிசைக்காரர், 2014-ல் காலமானார். அவர் பேசிக் கொண்டிருக்கையில் யாரோ, "உதாரணத்துக்கு ஒரு பகா எண்ணைச் சொல்லுங்களேன்" என்று கேட்க, "சரி, 57 என்று வைத்துக் கொள்ளுங்கள்" என்றாராம்! கணித வட்டாரத்தில் இன்றும் 57-க்கு அவர் பெயரை வைத்து வேடிக்கை செய்கிறார்கள்.

பகுத்தல் என்றால் பங்கிடுதல். பகுபடும் எண் பகு எண். பகுபடாத எண் பகா எண். வாடா மலர், ஓயா மழை என்கிறோமே, அதே தினுசு. பாடப் புத்தகம், "1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐ விடப் பெரிய எண்" என்று இலக்கணம் சொல்கிறது. இலக்கணம் சரிதான். ஆனால் பசியோடு வரும் குழந்தைக்குச் சமையல் புத்தகத்தைப் படித்துக் காட்டுவது போல் இருக்கிறது. முதலில் அவள் கண்ணால் பார்க்கட்டும்.

ஒரு பிடி புளியங்கொட்டையைத் தரையில் போடுங்கள். 12 கொட்டைகளை எண்ணிக் கொடுத்து, "இதை வரிசை வரிசையாக அடுக்கு. எல்லா வரிசையிலும் ஒரே கணக்கு இருக்க வேண்டும். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது" என்று சொல்லுங்கள். மூன்று வரிசையில் நாலு நாலாக வைப்பாள். இரண்டு வரிசையில் ஆறு ஆறாக வைப்பாள். இந்த 2, 3, 4, 6 எல்லாம் 12-இன் காரணிகள். பிறகு சத்தம் போடாமல் இன்னும் ஒரு கொட்டையை அவள் பக்கம் தள்ளுங்கள். இப்போது 13. இரண்டு வரிசை வைத்தால் ஒன்று மிச்சம். மூன்று வைத்தாலும் ஒன்று மிச்சம். நாலு வைத்தாலும் அப்படியே. ஐந்து வைத்தால் மூன்று மிச்சம். கடைசியில் ரேஷன் கடைக் க்யூ மாதிரி ஒரே நீள வரிசையாகத்தான் வைத்தாக வேண்டும். "சீ, மகா பிடிவாதம் இது!" என்று குழந்தை சொன்னால், பாடத்தில் பாதி முடிந்தது.

"அப்படியானால் 1?" என்று கேட்பாள். இங்கேதான் பல வகுப்புகளில், "1 பகா எண் அல்ல, மனப்பாடம் செய்து கொள்" என்று வாயை அடைத்து விடுகிறார்கள். குழந்தையின் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. 1-உம் தன்னால் வகுபடத்தானே செய்கிறது? பெரியவர்களுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. அமெரிக்கப் பேராசிரியர் டி. என். லேமர் 1914-ல் வெளியிட்ட பிரம்மாண்டமான பகா எண் பட்டியலில் 1-க்கு முதல் ஸ்தானம் கொடுத்திருந்தார்! பிற்காலத்தில் அதைப் பந்தியிலிருந்து எழுப்பி விட்டதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு குழந்தைகளிடம் 360-ஐக் கொடுத்து, உடைக்கிற மட்டும் உடைக்கச் சொல்லுங்கள். ஒருத்தி 36 × 10 என்று ஆரம்பிப்பாள். இன்னொருத்தி 18 × 20 என்று தொடங்குவாள். இருவரும் வேறு வேறு வழியில் போய்க் கடைசியில் ஒரே வாசலில் வந்து நிற்பார்கள்: 2 × 2 × 2 × 3 × 3 × 5. எந்த எண்ணை எடுத்தாலும் இப்படித்தான். அதற்கென்று பகாக் காரணிகளின் கூட்டம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. மனிதருக்குக் கைரேகை மாதிரி. 1-ஐயும் பகா எண்ணாக உள்ளே விட்டால், ஒருத்தி முன்னால் ஒரு 1 போடுவாள். மற்றவள் பத்து 1 போடுவாள். கைரேகை கலைந்து போகும். 1-ஐ வெளியே நிறுத்தியது இதற்காகத்தான்.

கைரேகை தெரிந்து விட்டால் மீ.பெ.கா., மீ.சி.ம. என்று குழந்தைகளைப் பயமுறுத்தும் இரண்டு பூதங்களும் சாதுவாகி விடும். தீபாவளிக்கு 48 அதிரசமும் 72 முறுக்கும் செய்திருக்கிறீர்கள். மிச்சமில்லாமல் ஒரே மாதிரியான பொட்டலங்கள் கட்ட வேண்டும். அதிகபட்சம் எத்தனை பொட்டலம்? 48 என்பது 2 × 2 × 2 × 2 × 3. 72 என்பது 2 × 2 × 2 × 3 × 3. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது 2 × 2 × 2 × 3, அதாவது 24. பொட்டலத்துக்கு இரண்டு அதிரசம், மூன்று முறுக்கு. இதுதான் மீப்பெரு பொதுக் காரணி. 12 நிமிஷத்துக்கு ஒரு பஸ், 18 நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்று ஒரே நேரத்தில் கிளம்பினால், மறுபடி எப்போது சேர்ந்து கிளம்பும் என்று கேட்டால், அது மீச்சிறு பொது மடங்கு. 36 நிமிஷம்.

இனி 51 விவகாரத்துக்கு வருவோம். ஓர் எண் பகா எண்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டுமோ என்று குழந்தை மலைத்துப் போகிறாள். 100 வரைக்கும் 2, 3, 5, 7 இந்த நாலால் வகுத்துப் பார்த்தால் போதும். ஏன் தெரியுமா? 97-ஐ இரண்டு எண்களின் பெருக்கமாக எழுத முடியும் என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டுமே 10-க்கு மேல் இருந்தால் பெருக்கினால் 100-ஐத் தாண்டி விடுமே! ஆகவே ஒன்றாவது 10-க்குள் அகப்பட்டே தீர வேண்டும். 10-க்குள் இருக்கும் பகா எண்கள் நாலுதான். 2-உம் 5-உம் கடைசி இலக்கத்திலேயே தெரிந்து விடும். இலக்கங்களைக் கூட்டி வருவது 3-ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் 3-ஆல் வகுபடும். 51-க்கு 5-உம் 1-உம் ஆறு, பிடிபட்டது! இந்த மூன்று சோதனைக்கும் தப்பி, பகா எண் வேஷம் போட்டுத் திரியும் போலிகள் 100-க்குள் மூன்றே மூன்று: 49, 77, 91. இவற்றை மட்டும் குழந்தைக்கு அடையாளம் காட்டி விடுங்கள்.

சல்லடை வைத்துச் சலிக்கும் வழியும் உண்டு. ஏறக்குறைய 2,200 வருஷங்களுக்கு முன் அலெக்ஸாண்டிரியா நகரத்துப் பெரிய நூலகத்தின் தலைவராக இருந்த எரடோஸ்தனிஸ் கண்ட வழி அது. எண்களை வரிசையாக எழுதி, 2-ஐ வைத்துக் கொண்டு அதன் மடங்குகளை அடி. பிறகு 3-இன் மடங்குகள், 5-இன் மடங்குகள், 7-இன் மடங்குகள். 100 வரை எழுதினால் 25 எண்கள் மிஞ்சும். பள்ளிக்கூடங்களில் பத்துப் பத்தாக எழுதச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் ஆறு ஆறாக எழுதச் சொல்வேன். எழுதிப் பாருங்கள்: 2, 3 இரண்டையும் தவிர மற்ற பகா எண்கள் அத்தனையும் முதல் பத்தியிலும் ஐந்தாவது பத்தியிலும் மட்டுமே நிற்கும்! காரணத்தைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும், கஷ்டமில்லை.

பிடிவாதக்காரர்களைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தால் எப்படி? தாராள மனசுக்காரர்களும் இருக்கிறார்கள். உங்கள் பாட்டி காலத்து ரூபாயை நினைத்துப் பாருங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. ஆக 192 தம்பிடி. மூன்று பேரன்களுக்கு ஒரு ரூபாயைப் பங்கிட வேண்டுமா? ஆளுக்கு 5 அணா 4 தம்பிடி, தீர்ந்தது! 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி 100 நயா பைசா வந்தது. பெருக்க, எழுத வெகு சௌகரியம். ஆனால் மூன்றாகப் பங்கிட்டால் ஒரு பைசா நடுவில் நின்று முழிக்கிறது. 192-க்கு 14 காரணிகள், 100-க்கு 9-தான். 60-ஐப் பாருங்கள்: 100-ஐ விடச் சிறியது, காரணிகளோ 12! மணிக்கு 60 நிமிஷம் வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

இந்த மாதிரிக் காரணிகள் நிறைந்த எண்களைத்தான் கும்பகோணத்து ராமானுஜன் ஆராய்ச்சிக்கு எடுத்துக் கொண்டார். தன்னை விடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் ஓர் எண்ணுக்கு இருந்தால், அது அவருடைய பட்டியலில் சேரும்: 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120... அந்தக் கட்டுரை 1915-ல் லண்டனில் வெளியாயிற்று. இங்கே காலேஜ் பரீட்சையில் தவறியவருக்குக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை 1916-ல் பட்டம் கொடுத்தது அதற்காகத்தான். நம் ஆறாம் வகுப்புக் காரணிக் கணக்கு அவ்வளவு தூரம் போகிறது!

ராமானுஜனைச் சொல்லிவிட்டு ஸோஃபி ஜெர்மேனைச் சொல்லாமல் விடலாமா? பாரிஸ் நகரத்து வியாபாரியின் மகள், 1776-ல் பிறந்தவள். பிரெஞ்சுப் புரட்சியின் போது வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பதின்மூன்று வயதுப் பெண், அப்பாவின் புத்தக அலமாரியில் கணக்கைக் கண்டெடுத்தாள். இரவில் படிக்கக் கூடாது என்று பெற்றோர் மெழுகுவர்த்தியையும் குளிருக்கான உடைகளையும் எடுத்துக் கொண்டு போய் விடுவார்களாம். அவள் ஒளித்து வைத்த மெழுகுவர்த்தியை ஏற்றி, போர்வையைச் சுற்றிக் கொண்டு படிப்பாளாம். காலேஜில் பெண்களுக்கு இடமில்லை. பாடக் குறிப்புகளை எப்படியோ வாங்கிப் படித்து, லெப்ளாங்க் என்ற ஆண் பெயரில் பேராசிரியர்களுக்கு எழுதினாள். ஜெர்மனியின் மாமேதை காஸுக்கும் அதே பெயரில்தான் கடிதங்கள். எழுதுவது ஒரு பெண் என்று காஸுக்கு 1807-ல்தான் தெரிந்தது; தெரிந்த பிறகு முன்னிலும் அதிகமாகப் பாராட்டினார்.

ஒரு பகா எண்ணை இரட்டித்து ஒன்று கூட்டினால் மறுபடி பகா எண் வருமானால், அந்த முதல் எண்ணுக்கு இன்று ஸோஃபி ஜெர்மேன் பகா எண் என்றே பெயர். 2-ஐ எடுங்கள், இரட்டித்து ஒன்று கூட்டினால் 5. அதிலிருந்து 11. அதிலிருந்து 23. பிறகு 47. அப்புறம் 95, அங்கே சங்கிலி அறுந்து விடுகிறது, 5 × 19.

"இதெல்லாம் சரி, என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

பெருக்குவது சுலபம், பெருக்கியதைத் திரும்ப உடைப்பது கஷ்டம். அரிசியையும் உளுந்தையும் சேர்த்து அரைப்பது போல. 147573952589676412927 என்று 21 இலக்கத்தில் ஓர் எண். இது பகா எண் அல்ல என்று 1876-லேயே லூகாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் நிரூபித்து விட்டார். ஆனால் காரணிகள் எவை என்று தெரியவில்லை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கணிதச் சங்கக் கூட்டம். ஃப்ராங்க் கோல் என்ற பேராசிரியர் எழுந்தார். வாயே திறக்காமல் கரும்பலகையில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கிக் காட்டினார். விடை அதே எண்! பேசாமல் போய் உட்கார்ந்தார். சபை கை தட்டியது என்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆயிற்று என்று பின்னால் கேட்டதற்கு, "மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்" என்றாராம். பெருக்கிப் பார்க்கவோ ஒரு மணி நேரம்கூட வேண்டாம்.

இந்தக் கஷ்டத்தையே பூட்டாக்கினார்கள் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவர், 1977-ல். இரண்டு பெரிய பகா எண்களை ரகசியமாக வைத்துக் கொண்டு, பெருக்கி வந்த எண்ணை மட்டும் ஊரறியச் சொல்லி விடலாம். அதைக் கொண்டு யாரும் பூட்டலாம். உள்ளே இருக்கும் இரண்டு எண்களும் தெரிந்தவர் மட்டுமே திறக்கலாம். சவாலாக 129 இலக்க எண் ஒன்றையும் பத்திரிகையில் வெளியிட்டு, உடைப்பவருக்கு 100 டாலர் பரிசு என்றார்கள். அது 1994-ல்தான் உடைந்தது. அதுவும் சுமார் 600 பேர் கம்ப்யூட்டர்களை ஓட்டி, எட்டு மாதம் பாடுபட்ட பிறகு! இன்று செல்போனில் பணம் கட்டும்போதும் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதும் பின்னால் வேலை செய்யும் பூட்டுகளில் இதுவும் ஒன்று. அதில் இப்போது 600 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்கள் பழக்கம். குவாண்டம் கம்ப்யூட்டர் என்ற புது யந்திரம் முழு பலத்தோடு வந்தால் இந்தப் பூட்டு நிற்காது என்று, மாற்றுப் பூட்டுகளையும் தயார் செய்து வருகிறார்கள்.

குழந்தையோடு விளையாட ஒன்று சொல்கிறேன். வருஷங்களையே எடுத்துக் கொள்ளுங்கள். 2017 பகா வருஷம். அதற்கு அடுத்தது 2027. உடனே 2029 வேறு. நடுவில் 2021 இருக்கிறதே, அது பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கும். 2, 3, 5, 7, 11 எதற்கும் அசையாது. ஆனாலும் போலிதான். 40-க்கும் 50-க்கும் இடையில் அதன் காரணிகள் இரண்டும் ஒளிந்து கொண்டிருக்கின்றன. பென்சிலைக் குழந்தையிடம் கொடுங்கள். நீங்களும் ஒன்று எடுத்துக் கொள்ளுங்கள். யார் முதலில் பிடிக்கிறீர்கள் பார்க்கலாம்!