புற்றுக்கும் காவல் நிற்கும் புரதம்

பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் விளைச்சலைப் பட்டியலிடுவோர் கண்வலிக்கிழங்கைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஜெயங்கொண்டம் பக்கத்தில் பந்தல் போட்டுக் கொடியேற்றி, பூக்கும் பருவத்தில் ஆள் வைத்துக் கையாலேயே மகரந்தம் சேர்த்து வளர்க்கிற பயிர் அது. மாநில மலரான செங்காந்தள்தான் அதன் பூ. விவசாயிக்குக் காசு தருவது விதை. அந்த விதையை மருந்து நிறுவனங்கள் தேடுவது அதிலுள்ள கோல்சிசின் என்ற நஞ்சுக்காக. யூரிக் அமிலம் மிகுந்து வரும் கௌட் மூட்டுவலிக்கு அது ஒரு மருந்து. புற்றுநோய் ஆராய்ச்சியிலும் அதற்கு ஓர் இடம் உண்டு என்பது விளைவிக்கிற ஊரிலேயே அதிகம் தெரியாது. பலவகை மருந்துகளிலிருந்து புற்றுச்செல் ஒரே சமயத்தில் எப்படித் தப்பிக்கிறது என்ற கேள்விக்கு முதல் உருப்படியான விடை கிடைத்தது கோல்சிசினை வைத்துத்தான்.

ஒரு செல் இரண்டாகப் பிரிய அதற்குள் நுண்ணிய இழைகள் உருவாக வேண்டும். கோல்சிசின் அந்த இழைகளைக் கட்ட விடாது. பிரிதல் பாதியில் நின்றுபோகும். கிழங்கைத் தின்று நஞ்சேறியவர்களுக்கு வயிற்றுப்போக்கும், ரத்த அணுக்கள் குறைவதும், பிழைத்தால் பிறகு முடி கொட்டுவதும் இதனால்தான். கீமோ எடுத்துக்கொள்பவர்களும் இதே உபாதைகளைப் படுகிறார்கள். டொரண்டோ நகரில் விக்டர் லிங், ஜூலியானோ இருவரும் சீன வெள்ளெலியின் சூலகச் செல்களைக் கோல்சிசினில் வளர்த்து, சாகாமல் எஞ்சியவற்றைப் பிரித்தெடுத்தார்கள். அந்தச் செல்கள் கோல்சிசினோடு எந்த உறவுமில்லாத வேறு மருந்துகளுக்கும் அசையவில்லை. எஞ்சிய செல்களின் சவ்வில் ஒரு பெரிய புரதம் மிகுந்திருப்பதை 1976இல் வெளியிட்டார்கள். பி-கிளைக்கோபுரோட்டீன் என்று பெயரிட்டார்கள். சவ்வு வழியே மருந்து உள்ளே வருவதை அது தடுக்கிறது என்பதே முதல் ஊகம். பின்னால்தான் உண்மை தெளிந்தது: மருந்து உள்ளே வரத்தான் செய்கிறது, கசிகிற படகில் நீரை இறைத்துக் கொட்டுவதுபோல அந்தப் புரதம் அதை வாரி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது.

இதைக் கேட்டதும் யாருக்கும் தோன்றுவது, அந்தப் பம்பை அடைத்துவிடலாமே என்பதுதான். விஞ்ஞானிகளுக்கும் தோன்றியது. 1981இல் ஜப்பானில் சுருவோ குழுவினர், ரத்த அழுத்த மருந்தான வெராபமில் இந்தப் பம்பை முடக்கி வின்கிரிஸ்டினுக்கு மறுபடி வலுவூட்டுவதைக் காட்டினார்கள். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படும் மருந்துதான் வின்கிரிஸ்டின். ஆனால் வெராபமிலை அந்த அளவுக்குக் கொடுத்தால் இதயம் தாங்காது. அடுத்த தலைமுறை அடைப்பான்கள் வந்தன. நுரையீரல் புற்றுக்கான டாரிக்விடார் சோதனைகள் நச்சுவிளைவால் பாதியில் நின்றன. முதியவர்களின் ரத்தப் புற்றில் 440க்கும் மேற்பட்டோரிடம் சோதித்த சோசுக்விடார் ஆயுளை நீட்டவில்லை. அந்த முடிவு 2010இல் வெளியானது. முப்பது ஆண்டு முயற்சிக்கு இது சோகமான கணக்கு. தோல்விக்குக் காரணம் மருந்துகளின் தரக்குறைவு என்று ஒதுக்குவது எளிது. எனக்குப் படுவது வேறு: அந்தப் புரதம் யாருடையது என்பதையே நாம் தவறாக எண்ணியிருந்தோம்.

அது புற்றுநோயின் கண்டுபிடிப்பு அல்ல. குடலிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரிலும் பிறவியிலிருந்தே நின்று, உணவோடு வரும் தாவர நஞ்சுகளை வெளியேற்றுகிற காவல் அது. நெதர்லாந்தில் ஷிங்கெல் குழுவினர் 1994இல் இந்தப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். உண்ணி ஒழிக்க வழக்கமாகத் தெளிக்கும் ஐவர்மெக்டின் பட்டதும் அவை இறந்தன. மற்ற எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூளைக்குள் மருந்து பல மடங்கு ஏறியிருந்தது. மனிதரிடமும் சான்று உண்டு. பம்பையும் கல்லீரலின் சிதைவு வேலையையும் ஒருசேர முடக்குகிற கிளாரித்ரோமைசினைக் கோல்சிசினோடு சேர்த்துக் கொடுத்த 88 பேரில் 9 பேர் இறந்ததாக ஹாங்காங் ஆய்வொன்று 2005இல் பதிவு செய்தது. அந்தக் காவலை நிறுத்தினால் புற்று மட்டும் அம்பலமாவதில்லை, ஆளே அம்பலமாகிறார். குடலிலும் சிறுநீரகத்திலும் பிறக்கிற புற்றுகள் முதல் நாளிலிருந்தே பல மருந்துகளுக்கு மசியாமல் இருப்பதும் புதிராகத் தெரியவில்லை. தாய்த்திசுவின் காவலை அவை சொத்தாகப் பெற்றே வருகின்றன.

வெளியேற்றும் புரதத்துக்குச் சொன்னது உள்ளே இழுக்கும் புரதங்களுக்கும் பொருந்தும். புற்றுச்செல் வளரக் குளுக்கோஸ் நிறைய வேண்டும். அதைக் கொண்டுவரும் குளூட்-1 புரதத்தைச் சவ்வில் மிகுதியாக நிறுத்திக்கொள்கிறது. ஆக்சிஜன் இருந்தாலும் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்குவதை ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். அந்த அமிலம் உள்ளேயே தேங்கினால் செல் செத்துவிடும், எம்.சி.டி-4 என்ற இன்னொரு புரதம் அதை வெளியேற்றுகிறது. வெளியேறிய அமிலம் சுற்றியுள்ள திசுவின் பிணைப்பைத் தளர்த்தி, நோயெதிர்ப்பு அணுக்களைச் சோர்வாக்கி, புற்று நகர வழி விடுகிறது. பரவலில் மூளையைத் தனியாகச் சொல்ல வேண்டும்: அங்கே போய்ச் சேர்ந்த சிறு கட்டிகளை, மூளையைக் காக்கிற அதே பம்பே மருந்திடமிருந்து காக்கிறது. நெஞ்சிலும் வயிற்றிலும் வேலை செய்த மருந்து தலையில் தோற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே இன்னொரு கேள்வி எழும். புற்றுக்குச் சர்க்கரைதான் தீனி என்றால் சர்க்கரையை நிறுத்திவிட்டால் போதாதா? வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவுரை இதுதான். கேட்டுவிட்டுச் சோற்றையே விடுகிறவர்கள் உண்டு. பட்டினி கிடந்தாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் அளவைக் காப்பாற்றும். குளூட்-1 குறைந்த சர்க்கரையிலும் ஏறத்தாழ முழுவேகத்தில் இயங்கக் கூடியது. மூளைக்கும் சிவப்பணுவுக்கும் குளுக்கோஸ் போவதும் அதே புரதத்தின் வழியேதான். ரத்தச் சர்க்கரை உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கினால்தான் புற்றுக்குக் குறை வைக்க முடியும். அதற்கு முன்னே இளைத்துப்போவது நோயாளி. எடை குறைந்தவருக்குக் கீமோவைத் தாங்கும் சக்தியும் குறையும்.

அடைப்பது தோற்றது என்பதால் இந்தப் புரதங்கள் சிகிச்சைக்கு உதவாதவை என்று ஆகிவிடாது. இந்த வாசல்களை அடைக்காமல் பயன்படுத்திய இடங்களில் மருத்துவம் வென்றிருக்கிறது. பெட் ஸ்கேனில் ஊசி வழியாகக் கதிரியக்கக் குளுக்கோஸ் செலுத்துவது குளூட் புரதங்கள் அதைப் புற்றுக்குள் இழுக்கும் என்ற நம்பிக்கையில்தான். காசநோய்க் கட்டியும் அதே ஸ்கேனில் ஒளிர்ந்து மருத்துவரைக் குழப்பும்; வாசல் புற்றுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை. தைராய்டு புற்றில் இன்னும் ஒரு படி மேலே: அயோடினை உள்ளிழுக்கும் தைராய்டின் சொந்தப் புரதமே கதிரியக்க அயோடினையும் செல்லுக்குள் கொண்டுபோய் விடுகிறது. புற்று முற்றி அந்தப் புரதத்தை இழந்தால் அந்தச் சிகிச்சையும் பலிப்பதில்லை. பம்பைப் பொறுத்தவரை, அதன் கண்ணில் எளிதில் படாத மருந்தைச் செய்வதே நடைமுறைக்கு வந்த வழி. டோசிடாக்செலுக்கு மசியாத புராஸ்டேட் புற்றுக்கு அமெரிக்காவில் 2010இல் அனுமதி பெற்ற கபாசிடாக்செல் அப்படிப்பட்டது. டோசிடாக்செலின் இனத்தைச் சேர்ந்ததுதான், பம்பு அதைப் பிடிப்பது குறைவு. அது நீட்டித் தருவது மாதங்களைத்தான். ஆனால் பம்போடு மல்லுக்கு நின்ற மருந்துகள் அந்த மாதங்களையும் தரவில்லை.