உஷார்! கையெழுத்து யாருடையதோ, வழக்கும் அவருடையது

ஊராட்சியின் தண்ணீர் டிராக்டர், தலைவரின் மச்சான் கட்டும் வீட்டு வாசலில் நிற்கிறது. காலையில் தெருவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மத்தியானம் இங்கே வந்து புதுத் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறது. டீசல் ஊராட்சிக் கணக்கு, டிரைவர் கூலியும் ஊராட்சிக் கணக்கு. யாராவது கேட்டால், "வண்டி சும்மாதானே நிக்குது?" என்று பதில் வரும். தெருவிளக்குக்கு வாங்கிய எல்.இ.டி. பல்புகளில் இரண்டு மாட்டுக் கொட்டகையில் எரிகின்றன. தூய்மைப் பணியாளர் ஒருவர் தெருவைக் கூட்டிய கையோடு அதிகாரி வீட்டுத் தோட்டத்துக்கும் ஒரு நடை போய்வருகிறார்.

நம் பக்கம் இதையெல்லாம் ஊழல் என்று யாரும் சொல்வதில்லை. ஊழல் என்றால் கோடியில் இருக்க வேண்டும், பெட்டியில் போக வேண்டும் என்று ஒரு நினைப்பு. உள்ளாட்சிப் பதவிக்கு வருகிறவர்களை ஜெயில் வாசல் வரை கொண்டுபோய் விடுவது அந்த நினைப்புதான்.

ஊழல் தடுப்புச் சட்டம் 1988-ல் வந்தது. 2018-ல் அதைத் திருத்தியபோது 13-வது பிரிவை வெட்டிச் சுருக்கி, இரண்டே குற்றங்களை மட்டும் மிச்சம் வைத்தார்கள். ஒன்று, முறைகேடாகச் சொத்து சேர்ப்பது. மற்றொன்று, தன் பொறுப்பில் உள்ள பொதுச் சொத்தை மோசடியாகக் கையாடுவது, சொந்த உபயோகத்துக்குத் திருப்பிக்கொள்வது, அல்லது வேறு ஒருவர் அப்படிச் செய்ய விடுவது. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். நீங்கள் எடுக்க வேண்டும் என்பதுகூட இல்லை, மச்சான் எடுப்பதற்கு வழிவிட்டாலே போதும். தண்டனை குறைந்தது 4 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு, கூடவே அபராதம். இத்தனை ரூபாய்க்கு மேல் போனால்தான் குற்றம் என்று அந்தப் பிரிவில் எங்கும் வரம்பு இல்லை. இது போதாதென்று, 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(5) பிரிவும் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 409 தான் அது. பொது ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம்.

"நான் என்ன கவர்மென்ட் சம்பளக்காரனா? ஓட்டு வாங்கி வந்தவன்" என்று சிலர் மார்தட்டுவார்கள். அந்தக் கதவையும் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சாத்திவிட்டது. ராஜஸ்தானைச் சேர்ந்த நகராட்சிக் கவுன்சிலர் ஒருவர் லஞ்ச வழக்கில் இதே வாதத்தை வைத்தார். மனீஷ் திரிவேதி வழக்கு என்று அதற்குப் பெயர். கவுன்சிலரும் ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி பொது ஊழியர்தான் என்று தீர்ப்பு வந்தது. ஆகவே வார்டு கவுன்சிலர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர் எல்லாரும் இந்த வளையத்துக்குள் இருப்பவர்கள்.

டிராக்டர் ஓட்டியதற்கெல்லாம் கேஸ் போடுவார்களா என்று கேட்கலாம். உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் போடுவதில்லை, தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் மனஸ்தாபம் வருகிற நாள் வரைக்கும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 188-வது பிரிவு, ஊராட்சிப் பணத்தை எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடச் சொல்கிறது. ஒருவரை ஒருவர் கண்காணிக்கட்டும் என்று வைத்த பூட்டு அது. பல ஊர்களில் அது பங்கு பிரிக்கும் ஏற்பாடாகிவிட்டது. பங்கு சரியாக வருகிற வரைக்கும் இரண்டு கையெழுத்தும் சத்தமில்லாமல் விழும். வராத மாதம், கலெக்டர் ஆபீஸ் மனுநீதி நாள் வரிசையில் துணைத் தலைவர் கட்டுக் காகிதத்தோடு நிற்பார். டிராக்டர் போட்டோ, பல்பு போட்டோ எல்லாம் அவர் போனில் தேதி வாரியாகப் பத்திரமாக இருக்கும். அப்போது பழைய பில் ஒவ்வொன்றும் தோண்டி எடுக்கப்படும்.

அந்தப் பில்களில் என்ன இருக்கும் என்பது ஊராட்சி அலுவலகத்தோடு பழகியவர்களுக்குத் தெரியும். மோட்டார் காயில் கட்டியது, பைப் லைன் உடைப்புச் சரிசெய்தது, பிளீச்சிங் பவுடர் வாங்கியது. கிராம ஊராட்சிக்கு மூன்று வங்கிக் கணக்குகள். இரண்டாவது கணக்கு மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டவும் ஒதுக்கியது. மூன்றாவது திட்டப் பணம். இரண்டிலும் கை வைப்பது கஷ்டம். விளையாட்டெல்லாம் முதல் கணக்கில்தான், அதாவது வரி, மானியம் வந்து சேரும் பொது நிதியில். மோட்டார் உண்மையிலேயே எரிந்ததா என்று மூன்று வருடம் கழித்து வரும் தணிக்கையாளர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்ற தைரியம். ஆனால் ஒரே போருக்கு ஒரே வருடத்தில் அடுத்தடுத்துக் காயில் கட்டியதாகப் பில் இருந்தால், அதைப் பார்க்கப் பூதக்கண்ணாடி தேவையில்லை. தணிக்கைத் தடை விழுந்தால், அந்தத் தொகையைச் சம்பந்தப்பட்டவரின் சொந்தக் கையிலிருந்து வசூலிக்க சர்சார்ஜ் நடவடிக்கை வரும். பதவி போன பிறகும் வரும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. இது பெண் தலைவர்களுக்கும், அவர்களைவிட அவர்களுடைய பிள்ளைகளுக்கும்.

2016-ல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது. நாற்காலி வந்தது, செக் புக் மட்டும் நிறைய வீடுகளில் வீட்டுக்காரரின் கைப்பையில் இருக்கிறது. சாயங்காலம் செயலர் வீட்டுக்கு வருவார். "அக்கா, இதுல ஒண்ணு, இதுல ஒண்ணு" என்று விரலால் இடம் காட்டுவார். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து போடும் கையெழுத்து அது. இன்றைக்குப் பல பணப் பட்டுவாடாவுக்கு அந்தக் கையெழுத்துகூட வேண்டாம். தலைவர் பெயரில் எடுத்த டிஜிட்டல் கையொப்ப டாங்கிளும் அதன் பாஸ்வேர்டும் வேறு யாரிடமோ இருந்தால் போதும், தலைவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருக்கும்போதே ஊராட்சிப் பணம் போய்விடும்.

விசாரணை என்று வந்தால் சம்மன் யார் பெயருக்கு வரும்? 'தலைவரின் கணவர்' என்றொரு பதவி சட்டத்தில் கிடையாது. அவரைக் கூட்டுச் சதியில் சேர்க்கலாம், சேர்ப்பார்கள். ஆனால் முதல் குற்றவாளி அந்த அம்மாதான். "எங்க வீட்டுக்காரர் போடச் சொன்னார், போட்டேன்" என்று சொன்னால் நீதிபதிக்கு மனம் இரங்கலாம், கையெழுத்து அழியாது. தலைவரம்மாக்களே, டாங்கிள் உங்கள் பீரோவில் இருக்கட்டும். பாஸ்வேர்டு உங்கள் தலைக்குள் இருக்கட்டும். படிக்கத் தெரியாவிட்டால், காலேஜ் படிக்கிற மகளையோ மகனையோ உட்காரவைத்து, எந்த வேலைக்கு, யாருக்கு, எவ்வளவு என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். வரட்டும்.

அடுத்தது கான்ட்ராக்ட். தெருவுக்கு சிமென்ட் ரோடு போடும் வேலையைத் தலைவர் தன் பெயரில் எடுக்க மாட்டார். அந்த அளவுக்கு எல்லாருக்கும் விவரம் தெரியும். சகலை பெயரில் லைசென்ஸ் இருக்கும். டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லேயே இயற்றப்பட்டது. அதிலிருந்து நழுவ, ஒரே ரோட்டை மூன்று துண்டாக்கி மூன்று எஸ்டிமேட் போடுவது பழைய தந்திரம். ஓவர்சீயர் எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் எழுதிவிட்டால் பில் பாஸ். ஊராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருந்தால் பதவியே பறிபோகும் என்பது ஊராட்சிச் சட்டத்தில் உள்ள தகுதியிழப்பு விதி. சகலை பெயரில்தானே இருக்கிறது என்ற சமாதானம், சகலையின் வங்கிக் கணக்கிலிருந்து தலைவர் வீட்டுக்குப் பணம் வந்த தடம் கிடைக்கும் வரைதான் நிற்கும். முன்பு ரொக்கமாகப் போனது, இப்போது அவசரத்தில் ஜிபே-யில் போகிறது. இவ்வளவு விவரமானவர்கள் இதில் மட்டும் ஏன் இப்படி அசட்டையாக இருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சிலர் டான்சி வழக்கைக் காட்டித் தைரியம் சொல்லிக்கொள்வதும் உண்டு. முதலமைச்சராக இருந்தபோது ஜெயலலிதா பங்குதாரராக இருந்த நிறுவனம், அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கு அது. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவருடைய விடுதலையை உறுதிசெய்தது. அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளுக்குச் சட்டத்தின் வலு கிடையாது என்று சொன்னது. அதே தீர்ப்பில், மனசாட்சிக்குப் பதில் சொல்லி நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியும் சொன்னது. நடத்தை விதி வெறும் காகிதம்தான் என்று இதிலிருந்து பாடம் படித்தால் ஏமாந்துபோவீர்கள். அமைச்சருக்கு இருந்தது நடத்தை விதி. ஊராட்சித் தலைவருக்கு இருப்பதோ சட்டமன்றம் இயற்றிய சட்டம். அதன் 205-வது பிரிவின்படி, தலைவர் சட்டத்தை வேண்டுமென்றே மீறினாலோ அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலோ கலெக்டர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் விடலாம். பிறகு தாசில்தார் ஊராட்சி உறுப்பினர்களின் கூட்டத்தைக் கூட்டிக் கருத்துக் கேட்பார். அதைப் பார்த்துத் தலைவரை நீக்கும் அதிகாரம் கலெக்டருக்கு உண்டு. அதற்கு முன்பே, 203-வது பிரிவில் உள்ள அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தி, செக்கில் கையெழுத்துப் போடும் உரிமையைத் தலைவரிடமிருந்து எடுத்து பி.டி.ஓ.விடம் கொடுத்த செய்திகள் அடிக்கடி வருகின்றன.

அதிகாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத ஊராட்சியில் பில்லைக் கேள்வி கேட்க வார்டு உறுப்பினர்கூட இல்லை. அதிகாரியின் அரசு ஜீப் எங்கே போனது என்பது லாக் புக்கில் இருக்க வேண்டும். பிள்ளையை ஸ்கூலில் விட்ட நடை அதில் 'கள ஆய்வு' ஆகிவிடுகிறது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-லிருந்து இருக்கின்றன. காவல் துறையில் காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறையை ஒழித்து 1979-லேயே அரசாணை போட்டார்கள். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடியும் அதையே உத்தரவாகச் சொல்ல வேண்டியிருந்தது. காகிதத்தில் ஒழிந்தது வீட்டுத் தோட்டத்தில் 43 வருடம் உயிரோடு இருந்திருக்கிறது. தூய்மைப் பணியாளரைச் சொந்த வேலைக்கு அனுப்பும் நகராட்சி அதிகாரியும் அதே ரகம்தான். அந்தப் பணியாளர் தன் வாயால் புகார் சொல்ல மாட்டார். சொன்னால் நாளைக்கு மஸ்டர் ரோலில் பெயர் இருக்காது.

பொதுமக்களே, உங்களுக்கும் உஷார் உண்டு. வீடு கட்டும் திட்டத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கிறோம் என்று ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு போவார்கள், கைரேகையும் கேட்பார்கள். பிறகு சத்தமே இருக்காது. வீடு கட்டாமலேயே கட்டியதாகக் கணக்கு முடித்த புகார்கள் இந்த மாநிலத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை வரை போயிருக்கின்றன. ஜெராக்ஸில் எந்தத் திட்டத்துக்கு என்று குறுக்கே எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். தவணைப் பணம் விடுவிக்கக் கமிஷன் கேட்டால், 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி என்பதை மறக்காதீர்கள். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். லஞ்ச ஒழிப்புத் துறையின் கட்டணமில்லா எண் 1064.

சந்தேகம் இருந்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வவுச்சர் நகல் மட்டுமா, 2(ஜே) பிரிவின்படி நடந்த வேலையை நேரில் பார்க்கவும், போட்ட ரோட்டின் ஜல்லிக் கலவையில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும்கூட உரிமை இருக்கிறது. பெரும்பாலோருக்கு இது தெரியாது. மனுவில் ஆள் மேல் உள்ள கோபத்தை எழுதாதீர்கள். வண்டி எண், தேதி, இடம், பில் எண் போதும். இல்லாததைச் சேர்த்தால் இருப்பதும் அடிபட்டுப்போகும்.

கடைசியாக, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் இந்தச் சபை நடந்தாக வேண்டும். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் இருந்தால்தான் கோரம். அந்த நூறு கையெழுத்துக்காகத்தான் பந்தலில் டீயும் மிக்சரும். பல இடங்களில் முதலில் தீர்மான நோட்டில் வெற்றுப் பக்கம் விட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள், சாயங்காலம் ஆபீசில் வைத்துத் தீர்மானம் எழுதுகிறார்கள். சகலையின் ரோடும், எரியாத மோட்டாரும் உங்கள் ஒப்புதலோடு நடந்ததாக அந்தப் பக்கத்தில்தான் ஏறும். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தீர்மானத்தை எழுதி முடித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு, சபையில் சத்தமாக வாசித்த பிறகு மட்டும் பேனாவை வாங்குங்கள். "எழுதிக்கிறோம் அண்ணே, நீங்க போட்டுட்டுப் போங்க" என்றால், போடாமல் போங்கள்.